மூன்றில் ஒரு பங்குக்கும் சிறியது

நவம்பரில் துர்க்கு நகரம்
நாலு மணிக்கே கண்ணை மூடிக்கொள்ளும்.
எனக்கு வசதிதான்.
என் வேலைக்கு இருட்டறை வேண்டும்.

எலியின் விந்துக்குழாயைப் பிரித்து
கீழிருந்து வெளிச்சம் பாய்ச்சினால்
நனைந்த நூல் போன்ற அதில்
கருமை, வெளிறல், மங்கிய புள்ளி, அழுத்தமான புள்ளி,
திரும்பவும் கருமை என்று
பட்டை பட்டையாகக் கிடக்கும் நாட்கள்.
வெளிறல் முடிந்து புள்ளிகள்
மெல்லத் தலைகாட்டும் இடம்:
எனக்கு வேண்டியது அந்த ஓரிரு மில்லிமீட்டர்.

இரண்டாம் முறையும் பிளந்து முடித்த செல்கள்
வால் முளைக்காமல், வெறும் உருண்டையாய்,
விந்து என்று இன்னும் பேர் வாங்காமல்
அங்கேதான் இருக்கும்.

கத்தரித்து, தகட்டில் வைத்து, மூடி, கட்டைவிரலால் அழுத்தணும்.
எவ்வளவு என்று முதல் நாள் கேட்டேன்.
"கைகுலுக்குகிற அளவுக்கு,
சண்டை போடுகிற அளவுக்கு இல்லை" என்றாள் பிர்க்கோ.

பத்தொன்பது நாளுக்கு முன்
ஊசி வழியே போன ஏதோ ஒன்று
குரோமோசோமை எங்காவது கிள்ளியிருந்தால்
பிளக்கும் நேரத்தில்
அந்தத் துண்டை இழுத்துப் போகக் கயிறு இருக்காது.
இந்தப் பக்கமும் சேராது, அந்தப் பக்கமும் சேராது.
தனக்கென்று ஒரு சுவர் எழுப்பிக்கொண்டு
பெரிய உட்கருவின் பக்கத்தில்
நீலக் கடுகாய் உட்கார்ந்திருக்கும்.

விதிகள் சுவரில் ஒட்டியிருக்கின்றன.
உட்கருவில் மூன்றில் ஒரு பங்குக்கும் சிறியது.
ஒட்டக்கூடாது.
அதே நீலம், அதே குவியம்.
சாயத் திவலை ஏமாற்றும்.
திருகிப் பார்த்தால் பொய் மட்டும்
தனியே மேலே மிதந்து வரும்.

தகடுகளில் எண்கள்தான்.
எந்த எலிக்கு என்ன ஏற்றினார்கள் என்று
எண்ணுகிறவளுக்குத் தெரியக்கூடாது.
பதிவேடு அலமாரியில்,
சாவி பிர்க்கோவின் கோட்டுப் பையில்.
செல்லுக்கு ஒரு டிக்,
கடுகுக்கு ஒரு கோடு.
தகட்டுக்கு ஆயிரம்.

தைஸ்தோ படகுக் கம்பெனியில்
கண்ணாடி இழை விரித்துப் பிசின் பூசுகிறான்.
எந்தச் சோப்புக்கும் போகாத ஓர் இனிப்பு வாசனை
அவன் பிடரியில்.
எங்களுக்கு இரண்டு முறை தங்கவில்லை.
சகஜம்தான் என்றார் டாக்டர்.
சகஜம் என்றால் எத்தனை?
கேட்டிருக்கலாம். எண்ணுவதுதானே என் பிழைப்பு.
கேட்கவில்லை.

நாற்பத்தேழாம் தகட்டில்
ஆயிரத்துக்குப் பதினொன்று.
திரும்ப எண்ணினேன்.
பதினொன்றுதான்.
காப்பி இடைவேளையில் பேசவே முடியவில்லை.
அந்தத் தகடு முழுக்க அவன் மூச்சு என்று
நானாக முடிவுகட்டிவிட்டேன்.
விதிகளில் அப்படி எதுவும் இல்லை.

வெள்ளிக்கிழமை அலமாரி திறந்தது.
நாற்பத்தேழு, உடைக்கும் என்று
ஏற்கெனவே தெரிந்த மருந்து.
எங்கள் கண் வேலை செய்கிறதா என்று பார்க்க வைத்தது.
சோதிக்க வந்த பொருள் நடுவில் எங்கேயோ.
"இன்னும் எலிகள் வேண்டும்" என்று எழுதி
அடிக்கோடு போட்டாள் பிர்க்கோ.

பிறகு வெறும் உப்புநீர் ஏற்றியவை.
ஒன்று. இரண்டு. ஒன்றுமில்லை. ஒன்று.

அந்த ஒன்றுகளை
நானே பார்த்திருக்கிறேன், நானே கோடு போட்டிருக்கிறேன்.
யாரும் எதுவும் செய்யாத எலி.
தீனி தின்றது, தூங்கியது, அவ்வளவுதான்.

ஔரா ஆற்றங்கரையில் தைஸ்தோ காத்திருந்தான்.
படகில் ஏறி அக்கரை போக ஒன்றரை நிமிடம்.
அதற்குள் சொல்லிவிட்டேன்,
பதினொன்றை, நடுவில் எங்கேயோவை, உப்புநீரை.
"அப்படியென்றால் நான் இல்லையா?"
"தெரியாது."
"சும்மா இருந்தாலும் உடையுமா?"
"ஒன்றிரண்டு."

பாதி ஆறு வரை அவன் பேசவில்லை.
பிறகு கையுறையைக் கழற்றி
தன் விரல்களைத் தானே மோந்து பார்த்தான்,
இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக.
என்னிடமும் நீட்டினான்.

இனிப்பாகத்தான் இருந்தது.
படகு கரையில் மெல்ல இடித்தது,
கைகுலுக்குகிற அளவுக்கு.