ஐந்நூறுக்குக் கீழே

என் வேலை மோப்பம்.
சொகார் சுத்திகரிப்பு ஆலையில்
வால்வு வால்வாகக் கருவியின் மூக்கை நீட்டுவேன்.
எண் ஐந்நூறைத் தாண்டினால்
மஞ்சள் அட்டை கட்டிவிட்டு அடுத்தது.
ஒரு நாளைக்கு நானூறு வால்வு.
சொந்த மூக்கு போய் ஆறு வருஷம்,
கந்தகப் பிரிவில் இருந்தபோது.
அதை யாரும் கேட்டதில்லை.

கருவியை இரண்டு நாள் இரவல் கேட்ட
பல்கலைக்கழகத்து ஷைகா அல் ரியாமியா
கூடவே என்னையும் வாங்கிக்கொண்டார்.
பிர்கத் அல் மவ்ஸ் சாவடியில்
வண்டியின் நான்கு சக்கரமும் இழுக்குமா என்று பார்த்து
மேலே விட்டார்கள்.
சைக் தாண்டி, பாறைக்குப் பாறை கால் வைத்து,
வயது சொல்ல யாரும் துணியாத மரங்கள்.
அவருக்கு அலாலான். படிவத்தில் ஜூனிபர்.
பாதி காய்ந்து வெளுத்து, பாதி பச்சையாய்,
எது உயிர் என்று முடிவெடுக்காமல் நின்றன.

கிளை ஒன்றைக் கண்ணாடிப் பையில் இட்டு வாயைக் கட்டினோம்,
சமோசா பார்சல் மாதிரி.
பம்பு உறுமியது.

செதில் செதிலான இலை. ஒவ்வொன்றின் முதுகிலும்
ஊசிமுனை அளவு ஒரு தொட்டி.
வெயிலில் சமைத்த சர்க்கரையை உடைத்து
ஐந்தைந்து கரியணுவாகக் கோக்கிறது மரம்.
இரண்டு ஐந்து சேர்ந்தால் பைனீன், சீக்கிரம் பறக்கும்.
மூன்று சேர்ந்தால் கனம், தயங்கித்தான் எழும்.
தொட்டிக்கு வால்வு இல்லை,
ஃபிளேஞ்ச் இல்லை, கேஸ்கெட் இல்லை.
சுவர் வழியே ஊறி வெளியேறும்,
வெயில் ஏற ஏற வேகமாய்,
ஆடு கடித்த இடத்தில் மொத்தமாய்.

காலையில் புள்ளி நாலு.
நடுப்பகலில் புள்ளி ஒன்பது.
எங்கள் ஆலையில் இந்த எண்ணுக்கு
ஒருவன் தலைகூடத் திருப்பமாட்டான்.

ராத்திரியும் அளந்தோம், ஜாக்கெட்டுக்குள் கை விட்டபடி.
"வெளிச்சமே இல்லையே, எதற்கு?"
சேர்த்து வைத்தது இருட்டிலும் கசியும் என்றார்.
கீழே தோப்பில் நிற்கிற பேரீச்சை வேறு ரகமாம்.
அது விடுவது ஒற்றை ஐந்து. அதற்குத் தொட்டியே கிடையாது.
வெளிச்சம் இருக்கும்வரை செய்யும், செய்த கையோடு விடும்,
பொழுது சாய்ந்தால் கணக்கு முடிந்தது.
சம்பளத்தன்று எக்ஸ்சேஞ்ச் வாசலில் முதல் ஆளாய் நிற்கும்
எங்கள் கேம்ப் இசக்கிபாண்டி நினைவுக்கு வந்தான்.
சொல்லவில்லை.

"இது எப்படி மணக்கும்?" என்றேன் கிளம்பும்போது.
கிளை நுனியைக் கிள்ளி என் கையுறையில் கசக்கி
குனிந்து முகர்ந்தார்.
"சீவின பென்சில். மேலே கொஞ்சம் மிளகு..."
மறுபடி முகர்ந்தார்.
"இல்லை. பென்சிலும் இல்லை."
டார்ச் வெளிச்சத்தில் கொஞ்ச நேரம் யோசித்தார்.
"எழுதிக்கோங்க, புள்ளி மூணு."

ஞாயிறு காலை சொகார். முதல் வால்வு,
மூவாயிரத்து நூற்றுப் பதினேழு.
நெருங்கும் முன்பே எண் எழுந்தது,
பன்னிரண்டு, இருபது, முப்பத்தொன்று.
பின்வாங்கினேன், கூடவே வந்தது.
காற்றுக்கு எதிரே போய் நின்றேன், முப்பத்தொன்று.
கையுறையைக் கழற்றிக் கைப்பிடிக் கம்பியில் மாட்டிவிட்டு
பத்தடி தள்ளிப் பார்த்தேன்.
பூஜ்யம்.

கட்டைவிரல் மடிப்பில் பழுப்பாய் ஒரு பிசுக்கு.
மூக்கருகே வைத்தேன், பழக்கதோஷம்.
ரப்பர்கூட மணக்கவில்லை.

ஐந்நூறுக்குக் கீழே என்றால்
விதிப்படி அது கசிவே இல்லை, அட்டை தேவையில்லை.
கையுறையைச் சுருட்டி
மதியச் சாப்பாட்டு டப்பாவின் மேல்தட்டில் வைத்து மூடினேன்.

மூவாயிரத்து நூற்றுப் பதினெட்டு.