எங்களைப் பற்றி

லிங்கராஜபுரத்தில் பஞ்சர் கடைக்கு மேல்
ஒற்றை அறை.
நான், எபனேசர்,
மின்சாரம் போனால் கூவும் ஒரு யூபிஎஸ்.

எங்கள் இணையதளத்திலோ
கண்ணாடிக் கட்டடம்,
500 வாடிக்கையாளர்கள்,
காதில் ஹெட்செட் மாட்டிச் சிரிக்கும்
பொன்முடிப் பெண்.

ஹொசகோட்டேயிலிருந்து அழைத்தார்
போர்வெல் வண்டிக்காரர் ஒருவர்.
"அந்த மேடம்கிட்ட குடுங்க.
முகத்தப் பாத்தா பொறுமையாப் பேசுவாங்கன்னு தோணுது."

விடுப்பில் இருக்கிறார் என்றேன்.
திங்கட்கிழமை மறுபடி கேட்டார்.
பிரசவ விடுப்பு என்றேன்.
எபனேசர் தலையில் அடித்துக்கொண்டான்.
"நல்லபடியா ஆகட்டும் சார்,
மாரியம்மனுக்கு ஒரு தேங்கா உடைக்கிறேன்."

அன்றிரவே அவளை அழித்தேன்.
கட்டடம் போயிற்று.
துபாயிலிருந்து எங்களைப் புகழ்ந்த மேத்தா,
நானே பெற்று நானே பெயரிட்டவர்,
அவரும் போனார்.
ஐந்நூறில் இரண்டு சுழியம் எடுத்ததும்
கணக்குச் சரியாக வந்தது.
அந்த ஐந்திலும் ஒருவர்
எபனேசரின் சித்தப்பா.

இப்போது பக்கத்தில்
மாடிப்படியில் நிற்கும் எங்கள் இருவர் படம்,
ஓரத்தில் அரை டயர் தெரிய.
கீழே ஒரு வரி:
சொன்ன தேதியில் முடிப்போம்;
முடியாதென்றால் முதலிலேயே சொல்வோம்.

தளத்தில் எல்லாம் திருத்தியாயிற்று.
காலையில் போன்.
ஹொசகோட்டே எண்.

"சார்,
என்ன குழந்த?"