வாடகை ஜெர்கின்

வத்தலகுண்டு வரை வேர்த்து வழிந்தவர்கள்
பெருமாள்மலை வளைவில் ஜன்னலைச் சாத்துவார்கள்.
மூஞ்சிக்கல்லில் இறங்கும்போது பல் தந்தியடிக்கும்.
எதிரே என் கடை.
நாளுக்கு அறுபது ரூபாய், முன்பணம் ஐந்நூறு.
பெயர், ஊர், லைசென்ஸ் எண்
நோட்டில் எழுதிவிட்டுப் போகவேண்டும்.

துவைக்கும் முன் பைகளைக் கவிழ்ப்பேன்.
வேர்க்கடலைத் தோல், ஒற்றைத் தோடு.
ஒரு தடவை பஸ் டிக்கெட்டின் பின்பக்கம்
பென்சிலில்:

"அப்பாவுக்குப் பார்வை போய் இரண்டு வருஷம்.
தூண் பாறையில் கம்பியைப் பிடிக்கவைத்து நிறுத்தினேன்.
ஒரே மூடுபனி.
இங்கே ஒருத்தருக்கும் ஒண்ணும் தெரியலப்பா என்றேன்.
ரொம்ப நாள் கழித்துச் சிரித்தார்."

சோப்புக் கையோடு அதைத் தூக்கிப் பிடித்தபடி
குழாயை மூட மறந்து நின்றேன்.
எறிய மனசில்லை.
வைத்துக்கொள்ள நான் யார்?
துணி காய்ந்ததும்
அதே பையில் திரும்ப வைத்தேன்.

அப்புறம் எல்லாப் பைகளிலும்
பாதித் தாள், ஒரு பென்சில் துண்டு.
"பெயர் வேண்டாம்.
சொல்ல ஆளில்லாதது ஏதாவது இருந்தால் எழுதுங்கள்."

பத்தில் ஏழு வெறுமையாகவே வரும்.
சிலதில் ரூம் வாடகைக் கணக்கு.
ஒன்றில், "ஜிப் சரியில்லை."
மற்றபடி,

"கல்யாணமாகிப் பதினோரு நாள்.
தூக்கத்தில் பல்லைக் கடிக்கிறார். பயமாயிருக்கிறது."
கீழே மூன்று வாரம் கழித்து, வேறு கையெழுத்தில்:
"எங்கள் வீட்டிலும் அப்படித்தான். பழகிவிடும்.
பழகாவிட்டால் தனிக் கட்டில்."

"வேலை போய் நாலு மாசம்.
இன்னும் டை கட்டிக்கொண்டுதான் கிளம்புகிறேன்."

"குதிரைக்குக் கால் வலிக்குது. அப்பா நம்பல."

அளவு பார்த்துக் கொடுக்கிறேன் என்று நினைக்கிறார்கள்.
முகம் பார்த்துத்தான் கொடுக்கிறேன்.
தோள் தொளதொளவென்று தொங்கினால்
"இதுதாங்க இருக்கு" என்பேன்,
கொடி நிறைய ஜெர்கின் ஆடிக்கொண்டிருக்கும்.

மே மாதம், இருபத்தேழாம் எண், பச்சை:
"தம்பி தவறி விழவில்லை. நான் தள்ளினேன்.
எனக்கு அப்போது ஒன்பது வயது.
அம்மா இன்றும் என்னைக் கட்டிக்கொண்டுதான் அழுகிறாள்."

இதை யார் தோளில் போடுவது?
பச்சையை நாலு நாள் கொடியிலேயே விட்டேன்.
ஐந்தாம் நாள் மழை, கூட்டம்.
நான் சாப்பிடப் போன நேரம்
கடைப் பையன் ஜெபஸ்டின் எடுத்துக் கொடுத்துவிட்டான்.

சாயங்காலம் வந்தார் அந்த ஆள்.
கழற்றவில்லை.
"இதை எழுதினவரைப் பார்க்கணும்மா."
போலீஸா என்றேன். இல்லை என்றார்.
எதற்கு என்றேன்.
தரையைப் பார்த்தார்.
"சும்மா. பக்கத்துல கொஞ்ச நேரம் உக்கார."

நோட்டு மேஜைமேல் திறந்தே கிடந்தது.
விரல் வைத்தால் போதும், பெயர், ஊர், எண்.
"தெரியாதுங்க" என்றேன்.
வெளியே தைல மரத்தடியில் நின்று
தெருவிளக்கு எரியும்வரை ஏதோ எழுதினார்.
அதை நான் படிக்கவில்லை. பையிலேயே விட்டேன்.

அன்று ராத்திரி அந்தப் பக்கத்தைக் கிழித்து
அடுப்பில் போட்டேன்.
பெயர் மறந்துவிட்டது.
லைசென்ஸ் எண்தான் மறக்கமாட்டேன் என்கிறது.

ஐப்பசியில் ஆளே வராத ஒரு வாரம்.
கடைக்குள் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.
பென்சில் துண்டை எடுத்து
என்னுடையதை எழுதினேன். தாளின் இரண்டு பக்கமும்.
நாற்பத்தொன்று, நீலம். உள்பையில் வைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை ஒரு பெண் போட்டுக்கொண்டு போனாள்.
திரும்பி வரவில்லை.
ஐந்நூறு என் கல்லாவில்.
ஜெர்கின் விலை எண்ணூற்றைம்பது.
எந்த ஊர் பீரோவில், எந்தப் பாச்சை உருண்டை வாசனையில்
மடிந்து கிடக்கிறதோ அது.
வேர்க்கிற ஊராக இருந்தால்
வருஷக்கணக்கில் யாரும் கைவிடமாட்டார்கள்.

என்ன எழுதினேன் என்று கேட்காதீர்கள்.
இவ்வளவு நேரம் பேசியாகிவிட்டது.
நீங்கள் இப்போது தெரிந்தவர்.