பக்கத்துக்கு இருபது பிஃபெனிக்

லிலோவை நான்தான் கொன்றேன்.
எழுதியவர் ஹெர் ரூதார்ட்,
அடித்தவள் நான்.
மூன்று பிரதி, இடையிடையே கார்பன் தாள்,
பக்கத்துக்கு இருபது பிஃபெனிக் கூலி.

நொய்க்கோல்னில் உள்வாடகை அறை.
நிலக்கரி வியாழக்கிழமையோடு தீர்ந்தது.
கையுறையின் விரல்நுனிகளை வெட்டிவிட்டு
அதோடேயே அடிக்கிறேன்.
‘ஏ’ எழுத்து ஒட்டிக்கொள்ளும்.
ஜெர்மனில் ‘ஏ’ இல்லாமல் ஒரு வாக்கியமும் நகராது.
ஒவ்வொரு தடவையும் நகத்தால் நெம்ப வேண்டும்.

லிலோவும் தட்டச்சுக்காரிதான்.
அவள் விரல் வலித்ததாக எங்கும் இல்லை.
கழுத்தோடு வெட்டிய கூந்தல், சிகரெட்,
பட்டுக் காலுறை.
என்னுடையது செயற்கைப் பட்டு.
இழை விட்டால் எச்சில் தொட்டு
சாயங்காலம்வரை நிறுத்திவைப்பேன்.
அவளுடையது இருநூறு பக்கத்தில்
ஒருமுறைகூட இழை விடவில்லை.
அவள் முழங்கால்கள் பதினான்கு இடத்தில் வருகின்றன,
எண்ணினேன்.
சம்பளம் ஓர் இடத்திலும் வரவில்லை.

சில பக்கங்களில் அவள் பெருநகரம்.
சில பக்கங்களில் காய்ச்சல்.
ஒருமுறை ‘நம் நூற்றாண்டு’.
லிலோ, உனக்கு ஜலதோஷமே பிடிக்காதா?

கையுறைக் கடையில் வேலை செய்யும் ஹெர்த்தா
வாரத்துக்கொரு நாவல் வாடகைக்கு எடுத்துப்
படித்து அழுகிறவள்.
“இவளுக்கு என்ன முடிவு?” என்று கேட்டாள்.
“கால்வாய்” என்றேன்.
“போன வாரத்தவளுக்கு விஷம்.
அதற்கு முந்தினவள் பரவாயில்லை,
பல்மருத்துவரைக் கல்யாணம் பண்ணிக்கொண்டாள்.”
கொஞ்சம் யோசித்துச் சொன்னாள்:
“வேலைக்குப் போய்விட்டு வீடு திரும்பி,
காலை வெந்நீரில் வைத்துக்கொண்டு உட்காருகிறவளை
யாருமே எழுதவில்லையே.”

அறுபதாம் பக்கத்திலிருந்து லிலோ ஒன்றும் சாப்பிடவில்லை.
ஷாம்பெயின், கண்ணீர், மறுபடி ஷாம்பெயின்.
தொண்ணூற்று மூன்றில் எனக்குப் பொறுக்கவில்லை.
அவர் எழுதியிருந்தது:
‘அவள் ஜன்னலருகே நின்றாள்.’
நான் அடித்தது:
‘அவள் ஜன்னலருகே நின்று
கொழுப்பு தடவிய ரொட்டியைத் தின்றாள்.’
உப்பும் தூவினேன்.

கடைசி அத்தியாயம். மார்ச் மாத இரவு, பாலம், மூடுபனி.
லிலோ காலணிகளைக் கழற்றி
ஒன்றோடொன்று சேர்த்துக் கரையில் வைக்கிறாள்,
சர்ச்சில் வைப்பதுபோல.
எங்கள் மேல்மாடி ஃப்ராவ் ஸீலிங்கர்
நவம்பரில் நிஜமாகவே இறங்கினாள்.
காலணியோடுதான் இறங்கினாள்.
வெளியே எடுத்தபோது ஒன்றைக் காணோம்.
அவள் பையன் மூன்று நாள்
கழியை வைத்துத் தண்ணீரில் துழாவிக்கொண்டிருந்தான்.
அந்தக் காலணி பதினோரு மார்க்,
இன்னும் இரண்டு தவணை பாக்கி.

ஆனாலும் அவர் எழுதியபடியேதான் அடித்தேன்.
ஒரு கமாகூடக் கூட்டவில்லை.
இன்னும் முப்பது பக்கம் அவள் உயிரோடு இருந்திருந்தால்
எனக்கு ஆறு மார்க்.
இருநூற்றுப் பதினொன்றில்
‘முற்றும்’ என்று அடித்தபோது
‘ஏ’ ஒட்டிக்கொண்டது.

காசை எண்ணிக் கொடுத்துவிட்டு
“அழுதீர்களா, ஃப்ராய்லைன் கோவால்கே?” என்றார்.
“ரிப்பன் மாற்ற வேண்டும்” என்றேன்.

இலையுதிர் காலத்தில் புத்தகம் வந்தது.
பத்திரிகையில் ஒரு மதிப்புரை:
பெண்மனத்தின் ஆழத்தை
ஹெர் ரூதார்ட்போல் அறிந்தவர் இல்லையாம்.
சாட்சிக்கு அந்த ரொட்டி.
‘அந்த உப்பு!’ என்று எழுதியிருந்தார் விமரிசகர்.

இப்போது புதிய கையெழுத்துப் பிரதி
மேசையில் கிடக்கிறது.
இவள் பெயர் யூட்டா. அதே தட்டச்சு,
அதே முழங்கால்கள்.
முடிவை முதலிலேயே புரட்டிப் பார்த்தேன்:
மாதத்தின் கடைசி ராத்திரி,
வாடகை அறையில், எரிவாயு.

பக்கத்துக்கு இருபத்திரண்டு கேட்டிருக்கிறேன்.
அவருக்கு ஒன்று சொல்ல வேண்டும்,
எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை:
உள்வாடகை அறைகளில் எரிவாயு மீட்டருக்குப்
பத்து பிஃபெனிக் காசு போட்டால்தான் வாயு வரும்.
மாதக் கடைசியில்
யூட்டாவிடம் அது இருக்காது.