கேள்வி எண் பதினாறு

சாட்ஸ்வர்த், ஏழாம் யூனிட்.
கம்பிக் கதவுக்கு உள்ளிருந்தே பேசுகிறாள் கோகிலாம்பாள்.

கடந்த பன்னிரண்டு மாதத்தில்
உங்களிடமிருந்து ஏதாவது திருடப்பட்டதா?

ஒரு செல்போன். கேஸ் சிலிண்டர்.
எழுதிக்கொண்டேன்.

அதே குரலில், நிறுத்தாமல்:
காட்டோ மேனரில் ஒரு வீடு,
ஏழு மாமரம், காய்த்தது ஐந்து,
அப்பா வெட்டிய கிணறு.
லாரியோடு வந்தவர்கள்
ரசீது கொடுத்துத்தான் எடுத்தார்கள்.

எந்த வருஷம்?

எனக்குப் பால்பல் விழுந்துகொண்டிருந்தது.

பன்னிரண்டு மாதத்துக்குள் வராது.
கிணற்றுக்குக் கட்டமும் இல்லை.

சிலிண்டர் தூக்கியவனை அவளுக்குத் தெரியுமாம்;
எதிர்ச்சரிவில் தகரக் குடிசை,
சிலிண்டரைவிடக் கொஞ்சம் உயரம்.

போலீசில் சொல்லவில்லை.
ஏன்? இது பதினேழாம் கேள்வி.

"ரசீது போட்டுத் திருட
அவனுக்கு யார் இருக்கிறார்கள்?"

'மற்றவை'யில் டிக் அடித்தேன்.