ஞானாதிக்கம் உபதேசியாரின் பதினேழு கடிதங்கள்

மொத்தம் பதினேழு.
பதினெட்டாவது, உறை மட்டும்.
திருச்சபையின் நூற்றைம்பதாம் ஆண்டு மலருக்காகத்
தட்டச்சு செய்கிறேன்,
சனிக்கிழமைகளில், பாடகர் குழு அறையில்,
குளிர்சாதனத்தை நிறுத்திவிட்டுப் போனபின்.

ஆயிரத்து எண்ணூற்று எழுபத்து நாலு, தை மாதம்
நாகப்பட்டினத்தில் கப்பலேறியவர்
முதல் கடிதத்தில் கடவுளைப் பற்றி
ஒரு வரியும் எழுதவில்லை.
"பன்னிரண்டு நாள் வாந்தி.
பதின்மூன்றாம் நாள் பினாங்கு.
இறங்கிவிடலாம் என்றிருந்தது.
ஐயா கோபிப்பீர்களே என்று இறங்கவில்லை."

மலர்க்குழு கேட்பது பொன்மொழி,
கட்டம் கட்டிப் போட.
எனக்குக் கிடைப்பது
காலில் வைத்த புண், செருப்பின் விலை,
சம்பான்காரன் கூடுதலாகக் கேட்ட இரண்டு காசு,
சிலேத்தார் போகும் பாதையில்
புலி மிச்சம் வைத்த நாயின் கழுத்துமணி.

அவர் ஒரு பகலும் கொஞ்சம் இருட்டுமாக நடந்ததை
நான் பதினேழு நிமிடத்தில் கடக்கிறேன்,
லிட்டில் இந்தியாவில் ஏறி, செங்காங்கில் இறங்கி.
எதிர் இருக்கையில் தூங்கும் பையனின்
காலணி நாடா அவிழ்ந்து கிடக்கிறது.
சொல்லலாமா என்று யோசிப்பதற்குள்
நிலையம் வந்துவிடுகிறது.
எந்த நற்செய்தியும் சொல்லி முடியாத தூரம்.

ஐந்தாம் கடிதம்:
"இம்மாதம் சேர்ந்தவர் எவருமில்லை.
சுண்ணாம்புக் கம்பத்துக் காளவாய் ஆட்களுக்கு
ஊருக்கு எழுதிக்கொடுத்த காகிதம் முப்பத்தொன்று.
பிரசங்கத்துக்கு உட்காராதவர்கள்
இதற்கு வரிசையில் நிற்கிறார்கள்.
மைச் செலவு கூடிவிட்டது. மன்னிக்கவும்."

மன்னித்தார்களா, தெரியாது.
வந்த பதில் ஒன்றுகூட மிஞ்சவில்லை.
ஏழாவதிலிருந்து ஐயாவுக்கு எழுதுவதை விட்டுவிட்டார்.
சுற்றுப்பயணத்திலிருந்து
கம்பத்தில் விட்டுவந்த ஏழெட்டுப் பேருக்கு எழுதுகிறார்,
மையில் தண்ணீர் கலந்து.
உருப்பெருக்கி வைத்து நான் படித்த முதல் சொல்
குடை.

"காலாங் படகுத்துறையில் குடையை விட்டுவிட்டேன்.
கறுப்பு. பிடியில் என் முதலெழுத்து.
இந்தப் பக்கம் வருகிறவர் எடுத்து வரவும்."
எட்டிலும் குடை. ஒன்பதிலும் குடை.
பதினொன்றில், "குடை போகட்டும்."

எல்லாம் முடிவது பெயர்களில்தான்.
"தோத்திரம் சொல்லுங்கள்,
சவுரிக்கண்ணுக்கு, பிள்ளை பிழைத்ததா?
மலாக்காத் தச்சர் பவுலீனுக்கு,
கைதிக் கொட்டடியிலிருந்து விடுதலையான சேவுகனுக்கு,
ராத்திரி இருமுகிறவர், ஈரத்தில் படுக்க விடவேண்டாம்.
கண்டாங் கெர்பாவ் எருமைக்கொட்டகை இருளாயிக்கும்.
இன்னும் சேரவில்லை.
பால் தருகிறாள்."

பன்னிரண்டில் அவளே பேசுகிறாள்:
"ஒங்க சாமி ஒரு ஏட்டுல பேர் பேரா எழுதி வச்சிருக்காராமே,
எருமைக்கும் எடம் இருக்கா?"
'எனக்கு விடை தெரியவில்லை' என்கிறார் உபதேசியார்.
ஆனால் தாளின் ஓரத்தில், தண்ணீர் கலக்காத மையில்:
சிங்காரி. கூளைக்கொம்பி.
வெள்ளைநெற்றி. ஒற்றைக்கண்ணி.

பதினேழாவது ஜோகூர் அக்கரையிலிருந்து.
காய்ச்சல். வரிகள் வலப்பக்கமாய்ச் சரிகின்றன.
புத்திமதி இல்லை, வசனம் இல்லை,
பெயர்கள் மட்டும், பதினான்கு.
அந்த வெற்று உறையின் மேல்
'ஞானப்பூ, பாளையங்கோட்டை.'
தலை ஒட்டவில்லை.
இதை மட்டும் தட்டச்சு செய்ய
என்ன இருக்கிறது என்று யாரும் கேட்கவில்லை.
நானும் சொல்லவில்லை.

நேற்று மெய்ப்பு திரும்பி வந்தது.
சிவப்பு வட்டம், பக்கத்தில் குறிப்பு:
'இருளாயி நம் சபைப் பதிவேட்டில் உண்டா?
இல்லையெனில் நீக்கவும்.'

ஞானஸ்நானம் பார்த்தேன். விவாகம், அடக்கம் பார்த்தேன்.
கறையான் தின்ற செலவு நோட்டில்
ஒரு பக்கம் தப்பியிருந்தது.

வட்டத்துக்குக் கீழே எழுதி அனுப்பினேன்:
'பால் கணக்கில் இருக்கிறார்.
மூன்று மாதப் பாக்கி.
நாம்தான் தரவேண்டும்.'