இடிவண்டுச் சிறகு, எட்டு

வாளால் தொட்டால் தூளாகிப் போகும்.
அதுதான் அந்த வண்டின் குணம்.
பாறைமுதுகனின் வாலை அறுக்கிற வாள்,
எட்டடி நீளம்,
ஒரு வண்டின் மேல் பட்டதும்
திரையில் பச்சைப் பொடி, அவ்வளவுதான்.
பைக்குள் ஒன்றும் விழாது.

நச்சுப்புகைக் குண்டு எறிய வேண்டும்.
எறிந்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும்.
முதலில் ஒரு தள்ளாட்டம், பிறகு ஒரு சுற்று,
பிறகு முழு உடலோடு மண்ணில்.
குனிந்து பிரிக்கலாம்:
ஓடு, கொடுக்கு, இன்னொரு ஓடு,
பதினைந்துக்கு ஒன்றாய்ச் சிறகு.
எட்டுச் சிறகுக்கு ஒரு மார்புக்கவசம்,
மின்னல் தாங்கும்.

இதைக் கண்டுபிடிக்க எங்களுக்கு மூன்று இரவு போனது.
எங்களுக்கு என்றால் எனக்கும் கொட்டியாரத்துக்கும்.
அது அவன் விளையாட்டுப் பெயர்.
மூதூர். குரல் மட்டும் தெரியும்.
ஒருநாள் மைக்குக்குப் பின்னால் ஒரு பெண்
"நிப்ராஸ், சோறு ஆறுது" என்றதில்
மிச்சமும் தெரியவந்தது.
அவனுக்கு என்னைப் பற்றித் தெரிந்தது:
உவர்மலை, நீளவாள், பொறுமையில்லாதவள்.

பகலில் என்ன செய்கிறேன் என்று அவன் கேட்டதில்லை.

பகலில்
ஜமாலியாவில், அன்புவழிபுரத்தில்
கேற்றைத் தட்டி, "சுகாதாரத்திலிருந்து" என்று சொல்லி
மற்றவர் வளவுக்குள் குனிகிறேன்.
சிரட்டை. யோகட் கோப்பை. பிரிட்ஜின் முதுகுத் தட்டு.
கார்த்திகை மழை எதையும் வெறுமையாய் விடுவதில்லை.
டோர்ச்சை அடித்தால்
தலைகீழாய்த் தொங்கி மூச்சுவாங்கும் குடம்பிகள்
வெட்கப்பட்டதுபோல் நெளிந்து
அடிக்கு இறங்கும்.
துளிசொட்டியால் உறிஞ்சி, போத்தலில் விட்டு,
வீட்டு இலக்கம், திகதி எழுதுகிறேன்.
நசியக் கூடாது. நசிந்தால்
எந்த நுளம்பின் பிள்ளையென்று ஆய்வுகூடம் சொல்லாது.
பின்னேரம் புகையடிக்கிற பெடியள் வருவார்கள்.
ஒழுங்கை வெள்ளையாகும்; ஒரு நாய் தும்மும்.
மூக்கைப் பொத்திக்கொண்டு நிற்பேன்.
கண் தன்பாட்டில் நிலத்தைத் தேடும்,
ஏதும் விழுந்து மினுங்குகிறதா என்று.

ஏழு சிறகு சேர்ந்த இரவு அவன் வரவில்லை.
அடுத்த இரவும்.
பெயருக்குப் பக்கத்தில் சாம்பல் புள்ளி.
மொட்டைமாடியில் ஏறினால்
துறைமுகத்து விளக்குகளுக்கு அப்பால்
மூதூர்ப் பக்கம் வானம் கொஞ்சம் வெளுத்திருக்கும்;
அதில் எந்தத் துண்டு அவனுடையது என்று
யாரைக் கேட்பது?
தனியே போனேன் காட்டுக்கு.
அவன் பங்குக்கும் குண்டு எறிந்தேன்.
பாறைமுதுகன் ஒருமுறை என்னை மிதித்துவிட்டுப் போனான்.
எழும்பி, மறுபடி வண்டுக்குப் பின்னால்.
பெட்டியில் பதினாறு. பதினேழு. பத்தொன்பது.

பன்னிரண்டாம் நாள் புள்ளி பச்சையானது.
"டெங்கு," என்றான். குரல் மெலிந்திருந்தது.
"பிளேட்லெட் இருபத்திரண்டாயிரத்துக்கு எறங்கிட்டு.
வார்ட்டுக்குள்ள பல்லிய எண்ணிக்கிட்டே கெடந்தன்.
சிறகு கெடச்சா?"

பத்தொன்பது என்றேன்.
எட்டை அவன் பக்கம் நகர்த்தப் பார்த்தேன்.
அபூர்வப் பொருள் கைமாறாது என்று
சிவப்பில் எழுதிக் காட்டியது விளையாட்டு.
அவன் சிரித்தான்,
மூச்சுப் போதாமல் பாதியில் நின்றது.

சரி வா என்று திரும்பவும் இறங்கினோம்.
குண்டை எறிந்தேன்.
பச்சைப் புகைக்குள் இரண்டு பேரும்
சும்மா நிற்கிறோம்.
வண்டு இன்னும் தள்ளாடத் தொடங்கவில்லை.
வாளை முதுகில் மாட்டிவிட்டால்
கைக்கு வேறு வேலையில்லை.

"வீட்டுக்குப் பின்னால பழைய டயர் ஏதும் கிடக்கா?"

"ரெண்டு கெடக்கு. ஏன்,
அதிலயும் ஏதும் விழுமா?"

"ஓம்," என்றேன். "மழை."